தலைமாட்டு ஸ்டூல்

பல்லக்கா பல் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தன் பல்லை அல்ல, அடுத்தவர் பல்லை. கழுவுதொட்டியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அது மூழ்குமளவுக்குத் தண்ணீர் பிடித்து, அதற்கு மேலே வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பல்செட்டையும் தேய்ப்பாள். கை வழுக்கினாலும் செட் துண்டின்மேல் விழும், உடையாது. வெந்நீரை அருகில் விட மாட்டாள். வெந்நீர் பட்ட செட் வளைந்துபோகும். பிறகு ஈறில் உட்காராமல், போட்டவர் பேசும்போதெல்லாம் தானும் ஒரு தாளம் போடும். மேல்செட்டின் உள்வளைவில் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினால் போதும், யாருடையது என்று சொல்லிவிடுவாள். "இது தையல்காரரோடது. இங்க வந்தும் எல்லாருக்கும் பட்டன் தைக்கிறாரு, நூலை மட்டும் பல்லாலதான் கடிப்பாரு. பாருங்க, முன்பல்லுல வாய்க்கால் வெட்டியிருக்கு."

முதியோர் இல்லத்தின் மாடியில், ஆண்கள் இருக்கும் நீள அறை அவள் ராஜ்ஜியம். பாதிச் சுவர்வரை பச்சைப் பெயின்ட், அதற்கு மேல் வெள்ளை. ஜன்னலோரக் கட்டில்களுக்கு வெயில் வரும், உள்பக்கக் கட்டில்களுக்கு மின்விசிறிக் காற்று வரும். இரண்டும் வரும் கட்டில் ஒன்றே ஒன்றுதான் என்பதால் அதைப்பற்றி ஓயாத சண்டை. இந்த அறையில் யாருக்கு எந்தப் பக்கம் கடைவாய்ப்பல் கிடையாது, யார் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்புவார், யார் வாயைத் திறக்கச் சொன்னால் கண்ணையும் சேர்த்துத் திறப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கை சூடாக இல்லாமல் எவர் வாயிலும் விரல் வைக்க மாட்டாள். இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டு, மெல்லிய ஈரத் துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, அவர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, "ஆ சொல்லுங்க. ஆ. இது ஈ. நான் ஆ கேட்டேன்" என்பாள்.

வேலை சுத்தம். குணத்தில் மட்டும் ஒரு முள் உண்டு: தன்னுடையது என்று அவள் நினைத்துவிட்ட எதையும் இன்னொருவர் தொடக் கூடாது. அவள் குடிக்கும் குவளை தனி ஆணியில் தொங்கும். நகவெட்டி அவள் பாக்கெட்டை விட்டு இறங்காது. விடுப்பில் போன நாளில் வேறு ஆயா யாருக்காவது நகம் வெட்டிவிட்டால் வந்ததும் கண்டுபிடித்துவிடுவாள். "யாரு வெட்டினது இது? எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்று, வெட்ட ஒன்றும் மிச்சமில்லாத நகத்தை மறுபடி ராவுவாள். முதியவர்களைப் பற்றிப் பேசும்போதும் 'என் ஆளுங்க' என்றுதான் சொல்வாள். அந்த ஆட்களிலும் குறிப்பாக அவளுடைய ஆள் கண்டக்டர்.

கண்டக்டர் வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் நின்றபடியே போனவர். இப்போது கட்டிலில் படுத்தபடி. தொண்டையில் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிட, விழுங்கக் கஷ்டமில்லை, குரல்தான் போய்விட்டது. பேசினால் காகிதத்தைக் காகிதத்தின்மேல் உரசுவதுபோல ஒரு சத்தம். வாயருகே காதைக் கொண்டுபோனால் எல்லாம் தெளிவாகக் கேட்கும். ஒரு முழம் தள்ளி நின்றால் ஒன்றும் கேட்காது. ஆனால் அவர் வாயருகே யாரும் போவதில்லை. தினமும் விழுங்கும் மாத்திரைகளால் வாய் காய்ந்து, எச்சில் வற்றி, அப்படியொரு நாற்றம். பல்லக்கா எவ்வளவு வழித்துக் கழுவினாலும் அரை மணிக்குள் திரும்பிவிடும். தையல்காரருக்கு எதிர்க் கட்டில்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வணக்கம் சொல்வார். மேட்ரன் கால்மாட்டிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்.

கட்டிலின் ஒரு பக்கம் சுவர். மறுபக்கம், தலைமாட்டில், ஓர் இரும்பு ஸ்டூல். அதில் உட்கார்ந்து குனிந்து காது கொடுக்கிற ஒரே ஜீவன் பல்லக்கா. "எனக்கு மூக்கு ரிட்டையர்டு ஆயிடுச்சு சார், நீங்க தாராளமா பேசுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பொய். அவளுக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்தது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கேட்கப் பழகியிருந்தாள்.

அவள் சக்கர நாற்காலி தள்ளுவதால் அவர் அவளை 'டிரைவர்' என்பார். நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்ததும் கையை லேசாகத் தூக்கி, "போலாம் ரைட்" என்பார். வராந்தா முனை வந்தால் தொடையில் ஒரு தட்டு, நிறுத்தம். அவர் சொன்ன கதைகளை அவள் வேறு யாருக்கும் சொன்னதில்லை. சுவர்க்கடிகாரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஒருவன் பஸ்ஸில் ஏறிய கதை, அவற்றில் முதல் தரம். நிறுத்தத்தில் கண்டக்டர் ஒரு கிழவிக்கு மூட்டை இறக்கிவிடக் கீழே இறங்கியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் மணியடித்திருக்கிறது. கண்டக்டர்தான் மணி கொடுக்கிறார் என்று டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் சமாசாரம் தெரிந்து, திருப்ப இடமில்லாமல், அவ்வளவு தூரமும் ரிவர்ஸிலேயே வந்து கண்டக்டரை ஏற்றிக்கொண்டு போனாராம். "பஸ்ஸு பின்பக்கமா வந்து என் முன்னாடி நின்னுச்சு டிரைவரே. டிக்கெட்டு யாருக்குக் குடுக்கறதுன்னே தெரியல." இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் விரல்கள் காற்றில் சீட்டுக் கிழிக்கும்.

அவரிடம் எவர் வந்து எது கேட்டாலும் பதிலுக்கு எல்லோரும் பார்ப்பது ஸ்டூலைத்தான். "என்ன சொல்றாரு?" பல்லக்கா குனிந்து கேட்டு, நிமிர்ந்து, சொல்லுவாள். கேட்டதை அப்படியே சொல்லுவாள் என்று எதிர்பார்க்கக் கூடாது. "இந்த மேட்ரன் முகத்தப் பார்த்தா புது டயரே பஞ்சராயிடும்" என்பார் அவர். "சாப்பாடு நல்லா இருந்துச்சாம்" என்பாள் இவள். மேட்ரன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். கண்டக்டருக்குத் தோள் குலுங்கும்.

மகள் விஷயத்தில் மட்டும் அது வேடிக்கையாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வருவாள். துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவள். இங்கும் வந்து கால்மாட்டில் நிற்பாள். பழம் கொண்டுவருவாள், போர்வையைச் சரிசெய்வாள், அப்பாவின் பாதத்தைப் பிடித்துவிடுவாள். பாதத்துக்கு மேலே வர மாட்டாள். வந்த ஆரம்பத்தில் ஒருமுறை கிட்டே போய்க் குனிந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி, அங்கே அழுதாள். பெற்ற அப்பாவின் வாய்நாற்றம் தாங்கவில்லையே என்ற வெட்கம். அதிலிருந்து கால்மாடுதான்.

கண்டக்டர் ஒவ்வொரு ஞாயிறும் மகளுக்குச் சொல்வது இரண்டே வார்த்தை: "கிட்ட வா."

"என்ன சொல்றாரு அக்கா?"

"பார்த்துப் பத்திரமா போயிட்டு வரச் சொல்றாரு."

முதலில் இதைச் செய்தது இரக்கத்தால்தான். இருப்பதைச் சொல்லி அந்தப் பெண்ணை ஏன் நோகடிக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் நாள் போகப்போக அந்த இரண்டு வார்த்தையும் தன் மடியில் விழுவதில் அவளுக்கு ஒரு சுகம் வந்துவிட்டது. மகள் போனபின், ஸ்டூலை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

அப்படி இருக்கும்போதுதான் பஞ்சு டாக்டர் வந்து சேர்ந்தார். பல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் இளம்பெண். எந்த நேரமும் நீளமான பஞ்சுக்குச்சியும் கையுமாக இருப்பதால் அந்தப் பெயர். வாய் நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகள்மேல் மவுத்வாஷ் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம். இந்த இல்லத்தில் சம்மதித்தவர்களை வைத்து ஒரு பரிசோதனை.

"நாக்கோட பின்பக்கம், காத்து படாத இடத்துல ஒரு வகைக் கிருமி குடியிருக்கு" என்று மாடிக் கூடத்தில் நாற்காலி போட்டு விளக்கினார். "நாம சாப்பிட்ட மிச்சத்த அது தின்னு, அழுகின முட்டை மாதிரி ஒரு வாடைய விடுது. இந்த மருந்து அதக் கொல்லுதா, இல்ல கொஞ்ச நேரம் வாசனை காட்டி ஏமாத்துதான்னு தெரியணும்."

"இத்தன நாளா வாயில குடித்தனம் வச்சிருக்கோம்னு தெரியாமப் போச்சே" என்றார் தையல்காரர். "வாடகை வாங்கலாமா டாக்டரம்மா?"

பாட்டில்கள் ஒரே மாதிரி. சிவப்பு லேபிள் ஒன்று, மஞ்சள் லேபிள் ஒன்று. ஒன்றில் மருந்து, மற்றதில் அதே நிறத்தில் வெறும் தண்ணீர். எது எது என்று பஞ்சு டாக்டருக்கே தெரியாது. லேபிள் ஒட்டிய இன்னொருவருக்குத்தான் தெரியும். தெரிந்தால் மனசு ஒருபக்கம் சாய்ந்துவிடுமாம். சிலருக்கு முதலில் சிவப்பு, சிலருக்கு முதலில் மஞ்சள். நடுவில் கொஞ்ச நாள் எதுவும் இல்லாமல் விட்டு, பிறகு மாற்றிக் கொடுக்க வேண்டும். அவ்வப்போது நாக்கின் பின்பக்கம் பஞ்சுக்குச்சியை ஓட்டி எடுத்துப்போய், மூடிபோட்ட சின்னத் தட்டுகளில் காற்றுப் புகாமல் வைத்து வளர்த்துப் பார்ப்பார்கள். அதோடு ஒரு திரை கட்டி, திரையில் ஓட்டை போட்டு, ஒரு குழாயைச் சொருகி, அந்தப் பக்கத்திலிருந்து இவர்கள் ஊத, இந்தப் பக்கம் டாக்டர் மோந்து பார்த்து மார்க் போடுவார்.

காலையும் மாலையும் அளந்து ஊற்றி, வாய் கொப்பளிக்கவைத்து, துப்பவைக்கும் வேலை பல்லக்காவுக்கு. கூடவே ஒரு தடை: பரிசோதனை முடியும்வரை யாருடைய நாக்கையும் அவள் வழிக்கக் கூடாது.

"என் வேலைய நான் செய்யக் கூடாதா? என்ன நியாயம் இது?"

"நீங்க செஞ்சா, மருந்து கேட்டுச்சா, உங்க கை கேட்டுச்சான்னு எங்களுக்குத் தெரியாமப் போயிடும்க்கா."

தன் கையை மருந்துக்குச் சமமாக வைத்துப் பேசியது அவளுக்குப் பிடித்திருந்தது. சம்மதித்தாள். ஆனாலும் இவ்வளவு நாள் தன் விரல் போன வாய்களுக்குள் இன்னொருத்தியின் குச்சி போவதைப் பார்க்கும்போதெல்லாம் துணி மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண்டக்டருக்கு முதலில் சிவப்பு வந்தது. ஒரு மாற்றமும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்த முதல் மூச்சிலேயே பல்லக்காவுக்குத் தெரிந்துவிட்டது, அது கலர் தண்ணீர். மனசு லேசாயிற்று. "பெரிய மருந்து. எங்க போய் என்ன படிச்சு என்ன" என்று துணிக்கூடையிடம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு மஞ்சள் வந்தது.

சில நாளிலேயே, ஒரு காலையில் குனிந்தவள் பழக்கப்படி வாயால் மூச்சு விடப்போய், வேண்டியதில்லை என்று உணர்ந்தாள். வாடை இல்லை. வெறும் மனிதமூச்சு, கொஞ்சம் புதினா. அவருக்கு நல்லது நடந்திருக்கிறது, சந்தோஷப்பட வேண்டும். பராமரிப்பு வேலை கற்றவளுக்கு அது தெரியாதா? தெரிந்தது. வந்தது என்னவோ வேறு. வீட்டுச் சாவியை யாரோ நகல் எடுத்துவிட்டதுபோல இருந்தது.

அன்று பல்செட்டுகளைக் கழுவிவிட்டு அறைக்குள் வந்தால், தலைமாட்டு ஸ்டூலில் தையல்காரர். காலை ஆட்டிக்கொண்டு, காதைக் கண்டக்டர் வாயருகே கொடுத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"ஏம்மா பல்லக்கா, இந்த மனுஷன் இவ்வளவு கதை வச்சிருக்காரு, ஒரு நாளாவது சொன்னியா? ஒருத்தன் ரெண்டு கடிகாரத்தத் தூக்கிட்டு பஸ்ல ஏறினானாம்…"

"ஒரு கடிகாரம்" என்றாள் பல்லக்கா.

"ரெண்டுன்னுதான் சொன்னாரு."

"ஒன்னுதான். சுவர்க்கடிகாரம். எனக்குத் தெரியும். எந்திரிங்க, ஸ்டூலைத் துடைக்கணும்."

தையல்காரர் எழுந்தார். கண்டக்டர் அவரைப் பார்த்துக் கையைத் தூக்கி, "நாளைக்கு வா பார்ட்னர்" என்றார். அது இன்னும் நிமிராத தையல்காரருக்கும் கேட்டது, ஸ்டூலைத் துடைக்கக் குனிந்த பல்லக்காவுக்கும் கேட்டது. அன்று மாலை அவள் அந்த ஸ்டூலைத் துடைத்த துடைப்பில் பெயின்ட் உரிந்தது.

அதற்கப்புறம் நிலைமை மோசமாயிற்று; அதாவது, மற்ற எல்லோருக்கும் நன்றாயிற்று. உடற்பயிற்சி சொல்லித்தர வருகிறவர் நேராகக் கண்டக்டரிடமே குனிந்து "வலிக்குதா சார்?" என்று கேட்டார். பக்கத்து அறையிலிருந்து சீட்டாட்டத்துக்கு ஆள் வந்தது. மேட்ரன்கூட ஒருமுறை கிட்டே வந்துவிட்டார். அந்த ஒருமுறை கண்டக்டர், பாவம், டயரைப் பற்றி எதுவும் சொல்லாமல் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டார். "என்ன சொல்றாரு?" என்று பல்லக்காவைக் கேட்பார் குறைந்துபோனார்கள்.

ஞாயிறு வந்தது. மகள் கால்மாட்டில் நின்றாள். பாதத்தைப் பிடித்துவிட்டாள். மூக்கு லேசாக விரிந்தது. ஓரடி மேலே வந்தாள். பிறகு இன்னும் ஓரடி. இடுப்புவரை வந்துவிட்டாள். பல்லக்கா ஸ்டூலில் ஆணி அடித்ததுபோல உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் நகருறீங்களா?"

"மாத்திரை நேரம்மா. தண்ணி குடுக்கணும். புரை ஏறிடுச்சுன்னா நீங்க பார்த்துக்குவீங்களா?"

மகள் பயந்து பின்வாங்கினாள். மாத்திரை நேரம் ஆவதற்கு நிறைய நேரம் இருந்தது. கண்டக்டர் தலையணையில் முகத்தைத் திருப்பி மகளைப் பார்த்து உதட்டை அசைத்தார்.

"என்ன சொல்றாரு அக்கா?"

"அடுத்த வாரம் வரும்போது குடை எடுத்துட்டு வரச் சொல்றாரு."

மறுநாள் காலை, மருந்தலமாரியைத் திறந்தபோது, திருப்பிக் கொடுப்பதற்காக ஒதுக்கியிருந்த சிவப்பு லேபிள் பாட்டில் ஒன்று, பாதிக்குமேல் மிச்சத்துடன், கண்ணில் பட்டது. பல்லக்கா கண்டக்டருக்கான மஞ்சளை அளவுக்கோப்பையில் சரியாக அளந்தாள். அளந்ததைக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். அப்போதுதானே பாட்டிலில் மட்டம் சரியாக இறங்கும். பிறகு சிவப்பை அளந்து எடுத்துக்கொண்டு போனாள். அளவு அதிலும் பிசகவில்லை. தப்பு செய்யும்போதும் வேலை சுத்தம்.

வெறும் தண்ணீர்தானே, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாலையும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே. நாக்கின் பின்பக்கம் இருந்தவர்கள் குடித்தனம் திரும்பினார்கள். தையல்காரர் ஒரு நாள் குனிந்தவர், "அப்புறம் வரேன் பார்ட்னர்" என்று எழுந்து, தன் கட்டிலுக்குப் போய், சுவரைப் பார்த்துப் பட்டன் தைத்தார். சீட்டாட்டம் வேறு கட்டிலுக்கு இடம் மாறியது. ஸ்டூல் காலியாயிற்று. பல்லக்கா உட்கார்ந்தாள். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு குனிந்தாள். பழைய இடம், பழைய வாடை. தன் குவளையில் தானே தண்ணீர் குடிப்பதுபோல இருந்தது.

சனிக்கிழமை பஞ்சு டாக்டர் தட்டுகளோடு வந்தார். தங்கள் வாய்க் கிருமிகளைப் பார்ப்பதென்றால் முதியவர்களுக்குத் திருவிழாதான். "எங்க என் பூச்சி, காட்டுங்க" என்று கூடத்தில் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். டாக்டரும் ஆசையாகக் காட்டுவார். போன தட்டு, இந்தத் தட்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்து. யாருடையது குறைந்திருக்கிறதோ அவருக்குக் கைதட்டல்.

கண்டக்டரையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள் பல்லக்கா. அவர் முறை வந்தது. போன தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். இந்தத் தட்டில் இடமே இல்லை. கூட்ட நேரத்து பஸ்.

டாக்டரின் முகம் சுருங்கியது. கெட்ட எண்ணமில்லாத பெண். மனசில் பட்டதைச் சொல்லிவிட்டார். "என்ன ஐயா, உங்களுக்கு மட்டும் திரும்ப இவ்வளவு வந்துடுச்சே. எல்லாத்தையும் விட உங்க தட்டுதான் அதிகம்."

யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ "அதான் தெரியுதே" என்றார்கள். கண்டக்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அறைக்குத் திரும்பும்போது "போலாம் ரைட்" சொல்லவில்லை. வராந்தா முனையில் தொடையைத் தட்டவில்லை.

மாலைத் தேநீரோடு பல்லக்கா ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்தாள். "சார், கிடக்கட்டும் விடுங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? சொல்லுங்க, என்ன வேணும்?"

துண்டு அசையவில்லை. இன்னும் குனிந்தாள். அவர் கையை எடுத்து, அவள் நெற்றியில் வைத்து, தள்ளினார். மெதுவாகத்தான். பிறகு தன் மூக்கைத் தொட்டு, வேண்டாம் என்று விரலை ஆட்டி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இவ்வளவு நாளில் அவர் அவளிடம் வெட்கப்பட்டதே இல்லை. எல்லோரையும் விரட்டிவிட்டு இடத்தைப் பிடித்தாயிற்று. கேட்கத்தான் ஒன்றுமில்லை.

தேநீர் ஆறி ஆடை கட்டியது. பல்லக்கா எழுந்து கீழே போனாள். பஞ்சு டாக்டர் குச்சிக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, அந்தத் தட்டு தப்பு."

"தட்டு தப்பாகாதுக்கா."

"தட்டு சரி. வாய்க்குள்ள போனது தப்பு. மஞ்சளை நான் சிங்க்ல ஊத்திட்டேன். அவருக்குக் குடுத்தது மிச்சம் இருந்த சிவப்பு."

டாக்டரின் கை நின்றது. "எப்பலேர்ந்து?"

"திங்கக்கிழமைலேர்ந்து."

"ஏன்க்கா? மஞ்சள் அவருக்கு ஒத்துக்கலையா?"

"அவருக்கு ஒத்துக்கிச்சு. எனக்குத்தான் ஒத்துக்கல."

டாக்டருக்கு விளங்கவில்லை. விளக்கவும் பல்லக்காவுக்கு வரவில்லை. "அவர் வாய் மேல தப்பில்லன்னு நீங்க போய் அவர்கிட்ட சொல்லணும். எல்லார் முன்னாடியும் சொல்லணும். அப்படித்தானே காட்டினீங்க."

"அவரோட கணக்கு முழுசும் போச்சு, அது தெரியுதா உங்களுக்கு? ஆரம்பத்துலேர்ந்து எடுத்தது எல்லாம். இனி அவரைச் சேர்க்கவே முடியாது."

"சேர்க்காதீங்க. அப்ப நாக்கு வழிக்கலாம்ல?"

டாக்டர் கடைசிக் குழாயைப் பெட்டிக்குள் செருகினார். பெட்டியை மூடிவிட்டு மாடிக்குப் போய், அறை நடுவில் நின்று, சத்தமாகவே சொன்னார்: தட்டில் தவறு நடந்துவிட்டது, ஐயாவின் வாயில் அல்ல, மன்னிக்க வேண்டும். கண்டக்டர் திரும்பவில்லை. போகும்போது டாக்டர் பல்லக்காவிடம், முகத்தைப் பார்க்காமல், "ஸ்பிரிட் கலக்காத மவுத்வாஷ் கடையில கிடைக்கும். அதா பார்த்து வாங்குங்க. அவருக்கு ஏற்கெனவே வாய் காஞ்சு கிடக்கு" என்றார். பிறகு மேட்ரன் அறைக்குள் போனார். மருந்து ஊற்றும் வேலை அன்றே நர்ஸ் கைக்கு மாறியது. அலமாரிச் சாவியை மேட்ரன் கை நீட்டி வாங்கிக்கொண்டபோது, பல்லக்கா அதைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை, தெருமுனை மருந்துக்கடையின் ஷட்டர் தூக்கப்படும்போது முதல் ஆளாக நின்றவள் அவள்தான். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பாட்டிலில் எழுதியிருந்ததை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்து வாங்கினாள்.

கண்டக்டர் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். அவள் தலைமாட்டுப் பலகையைத் தூக்கி அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கழுத்தில் துண்டு கட்டி, உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்தாள். உதடு திறக்கவில்லை.

"சார், மணி சத்தம் கேட்டுச்சுன்னு வண்டிய எடுத்துட்டேன்" என்றாள். "நீங்க கீழ நிக்கிறத பார்க்கல. பார்த்தேன், பார்த்தும் எடுத்துட்டேன். மருந்த மாத்தி ஊத்தினது நான்தான். இப்ப ரிவர்ஸ்ல வந்திருக்கேன்."

அவர் அவளைப் பார்த்தார். காற்றில் சீட்டுக் கிழிக்கும் விரல்கள் போர்வைமேல் அசையாமல் கிடந்தன. பிறகு வாயைத் திறந்தார்.

"ஆ. அதான் ஆ" என்றாள் பல்லக்கா.

நாக்கு வழிக்கும் தகட்டைப் பின்கோடியிலிருந்து முன்னால் இழுத்தாள். கழுவினாள். மறுபடி இழுத்தாள். விரலில் சுற்றிய ஈரத் துணியால் கன்னத்தின் உள்பக்கம், ஈறின் மடிப்பு, அண்ணம் எல்லாம் துடைத்தாள். கடைசியில் புதுப் பாட்டிலின் மூடியைத் திறந்து அளந்து கொடுத்து, தலையை முன்பக்கம் சாய்த்துக் கொப்பளிக்கவைத்தாள். துப்பிவிட்டு அவர் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது. பழக்கத்தில் அவள் கழுத்து பாதிவரை குனிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தி நிமிர்ந்தாள்.

"உங்க பொண்ணு வரும். அதுகிட்ட சொல்லுங்க."

ஸ்டூலைத் துடைத்தாள். தலையணைக்கு ஒட்டி, காது எட்டும் தூரத்தில் இழுத்துப் போட்டாள். ஒருமுறை தானே உட்கார்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் நெருக்கிவைத்தாள். பிறகு கழுவுதொட்டிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து கதவு வழியே கட்டில் தெரியும்.

மகள் பழத்தோடு, குடையோடு வந்தாள். கால்மாட்டில் நின்று போர்வையைச் சரிசெய்தாள். பாதத்தைப் பிடித்துவிட்டாள். காலி ஸ்டூலைப் பார்த்தாள். அது யாருக்கென்று புரியாததுபோல மறுபடி பாதத்தைப் பார்த்தாள். அப்பாவின் உதடுகள் அசைந்தன. மகள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, என்ன சொல்றாரு?"

பல்லக்காவின் ஒரு கையில் தையல்காரரின் மேல்செட், மறு கையில் பிரஷ். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிரஷ் பிடித்த கையின் மணிக்கட்டால் தன் காதைத் தொட்டுக் காட்டி, ஈரம் சொட்டும் பிரஷை அந்த ஸ்டூலை நோக்கி நீட்டினாள்.